அட்ரீனல் சோதனை ஊசி: அறிந்து போட்டுக்கொள்வோம்

சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு என்னும் மூன்றும் இன்று நம் தாய்மார்கள் அடுப்படியில் நின்று பேசிக்கொள்ளும் சொற்களாகிவிட்டன. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி என்னும் சிற்றூரில்தான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்து சேரும் காலம் இது. ஆனால் சர்க்கரையையும் தைராய்டையும் போலவே நாளமில்லாச் சுரப்பியில் தோன்றும் மற்றொரு நோயின் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அது அரிதாக வருவது. கண்டுபிடிக்கத் தவறினால் ஆளையே கொண்டுபோய்விடக் கூடியது. அட்ரீனல் சுரப்பி வற்றிப்போகும் நோய் அது. அதைக் கண்டறிய மருத்துவர்கள் ஓர் ஊசியைப் போட்டுச் சோதிக்கிறார்கள். அந்த ஊசியைப் பற்றியும், அதனால் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் எழக்கூடிய ஐயங்களைப் பற்றியும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

மனிதனின் இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் தொப்பி வைத்தாற்போல் இரண்டு சிறு சுரப்பிகள் அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் எடையும் நான்கைந்து கிராம்தான். இவை சுரக்கும் கார்ட்டிசால் என்னும் நீர் இல்லையென்றால் நாம் பசியைத் தாங்க முடியாது; காய்ச்சலைத் தாங்க முடியாது; ஒரு சிறு அறுவை சிகிச்சையைக் கூடத் தாங்க முடியாது. இரத்த அழுத்தத்தையும் இரத்தத்தில் உள்ள சர்க்கரையையும் விழுந்துவிடாமல் பிடித்து நிறுத்துவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. இந்தச் சுரப்பிகளுக்குக் கட்டளையிடும் தலைமைச் சுரப்பி மூளையின் அடியில் இருக்கிறது. பிட்யூட்டரி என்பது அதன் பெயர். அது ஏசிடிஹெச் என்னும் தூதை இரத்தத்தின் வழியே அனுப்புகிறது. தூது கிடைத்தவுடன் அட்ரீனல் கார்ட்டிசாலைச் சுரக்கிறது. ஆகவே நோய் இரண்டு இடங்களில் தோன்றலாம். கட்டளை பெறும் அட்ரீனலே அழிந்துபோகலாம். அல்லது கட்டளையிடும் பிட்யூட்டரி செயலற்றுப்போகலாம்.

முதல் வகையை விரிவாக எழுதிவைத்தவர் இலண்டன் கய்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன் என்னும் மருத்துவர். அவருடைய நூல் 1855இல் வெளிவந்தது. அவர் கண்ட நோயாளிகளில் பலருக்கு அட்ரீனலை அழித்திருந்தது காசநோய். மேலை நாடுகளில் காசநோய் குறைந்த பின்னர் வேறு காரணங்கள் முன்னுக்கு வந்தன. நம் நாட்டில் காசநோய் இன்னமும் முக்கியமான காரணமாகவே நீடிக்கிறது. ஓசூர் சிப்காட்டைச் சுற்றிலும் ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கிக்கொண்டு, ஒருவர் எழுந்த பாயில் மற்றவர் படுத்து, சுழல்முறை வேலைக்குச் சென்றுவரும் இளைஞர்களை நாம் பார்க்கிறோம். காசநோய்க்கு இத்தகைய அறைகள் பிடித்தமானவை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்நோய் வந்தவருக்கு முதலில் தெரிவது அசதி. காலையில் எழும்போதே உடல் ஓய்ந்திருக்கும். எடை குறையும். எழுந்து நின்றால் கண் இருளும். உப்பின் மேல் ஆசை மிகுந்து ஊறுகாயைத் தனியே அள்ளித் தின்பவர்களும் உண்டு. குமட்டல், வயிற்று வலி வரும். அட்ரீனலே அழிந்த வகையாயின் தோலும் கறுக்கும். உள்ளங்கை ரேகைகள், ஈறுகள், விரல் மூட்டுகள், பழைய தழும்புகள் ஆகியவை தனித்துக் கறுத்துக் காணப்படும். நம்மவர்கள் அதைக் கண்டு "வெயிலில் அலைந்து கறுத்துவிட்டான்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். வெயில் ஈறுகளைக் கறுக்கச் செய்யுமா என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இரண்டாம் வகையில் நம் பெண்களுக்குரிய செய்தி ஒன்று உண்டு. பேறுகாலத்தில் அளவுகடந்த உதிரப்போக்கு ஏற்பட்டால் பிட்யூட்டரிக்குச் செல்லும் இரத்தம் தடைபட்டு, அச்சுரப்பி கருகிப்போவதுண்டு. 1937இல் இதனை விளக்கிய ஷீஹன் என்பவரின் பெயராலேயே இந்நோய் வழங்கப்படுகிறது. மேலை நாட்டுப் பாடநூல்களில் இது ஏறக்குறைய மறக்கப்பட்ட நோய். ஆனால் காஷ்மீரில் ஸ்ரீநகர் சௌராவில் உள்ள ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவ நிறுவனத்தின் டாக்டர் அப்துல் ஹமீத் ஸர்கரும் அவருடைய குழுவினரும் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. அங்கே குழந்தை பெற்ற, இருபது வயதைக் கடந்த பெண்களில் ஏறக்குறைய 3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வீட்டிலேயே பிள்ளை பெற்றவர்கள்.

தமிழகத்தில் இன்று வீட்டுப் பிரசவம் மிகவும் அருகிவிட்டது. எனினும் பல ஆண்டுகளுக்கு முன் பிள்ளை பெற்றவர்கள் நம் வீடுகளில் மாமியாராகவும் பெரியம்மாவாகவும் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்தும் பால் சுரக்கவில்லை, அதன்பின் மாதவிலக்கும் திரும்பவில்லை, அக்குள் முடி உதிர்ந்துவிட்டது, எந்நேரமும் குளிர்கிறது, யாரோடும் பேசப் பிடிக்காமல் மூலையில் படுத்தே கிடக்கிறாள் என்றால் அது சோம்பலன்று, நோய். அத்தகைய பெண்ணை 'ஜின் பிடித்தவள்' என்று கூறி ஊர் ஊராகத் தாவீசுக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். துஆ ஓதுவதை யாரும் தடுக்கவில்லை. அதோடு ஒரு குப்பி இரத்தத்தையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு ஓதலாமே!

மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. நம் பகுதியில் அதுவே மிகுதி என்பது என் எண்ணம். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் தோல் அரிப்புக்கும் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் சிறு மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று அதற்குப் பல பெயர்கள். 'நாட்டு மருந்து' என்று காகிதத்தில் மடித்துக் கொடுக்கப்படும் பொடிகளிலும் இவை கலந்திருப்பதுண்டு. விழுங்கிய மறுநாளே வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் பூரிக்கும். வெளியிலிருந்து இப்படித் தாராளமாகக் கிடைப்பதைக் கண்ட உடல், தன் சொந்த அட்ரீனலை உறங்கவிட்டுவிடுகிறது. மாதக்கணக்கில் விழுங்கியவர் ஒருநாள் திடீரென நிறுத்தினால் உறங்கும் சுரப்பி உடனே விழிப்பதில்லை. அப்போது ஒரு சாதாரணக் காய்ச்சலே உயிருக்கு உலையாகிவிடும். மருத்துவர் சொல்லாமல் இம்மாத்திரையைத் தொடங்கக் கூடாது. தொடங்கிவிட்டால் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது.

சோதனை எப்படி நடக்கிறது?

எடுத்தவுடனே ஊசி என்பது தேவையில்லை. காலை எட்டு மணி அளவில் எடுத்த இரத்தத்தில் கார்ட்டிசாலின் அளவைப் பார்ப்பதே முதற்படி. அது டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்கும் கீழே இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. 15, 18 என்று மேலே இருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. இடையில் நிற்பவர்களுக்கே ஊசிச் சோதனை முக்கியமாகத் தேவைப்படுகிறது. சில ஆய்வகங்கள் நானோமோல் என்னும் வேறொரு அளவில் முடிவைத் தருகின்றன. ஒரு மைக்ரோகிராம் என்பது அந்தக் கணக்கில் 27.6 ஆகும். ஓசூரில் ஒரு முறையும் பெங்களூரில் ஒரு முறையும் சோதித்துவிட்டு, "அங்கே 10, இங்கே 276, நோய் முற்றிவிட்டது" என்று கலங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒன்றே.

ஊசிச் சோதனையின் கருத்து எளிமையானது. பிட்யூட்டரி அனுப்பும் தூதை மருத்துவரே ஊசி மூலம் அனுப்பி, அட்ரீனல் விடை தருகிறதா என்று பார்ப்பதுதான். இயற்கையான ஏசிடிஹெச்சில் 39 அமினோ அமிலங்கள் கோத்திருக்கின்றன. அவற்றுள் முதல் 24 மட்டும் போதும் என்று கண்டறிந்த அறிவியலாளர்கள், அவ்வளவை மட்டும் ஆய்வகத்திலேயே செயற்கையாகச் செய்தார்கள். டெட்ராகோசாக்டைடு என்றும் காசின்ட்ரோபின் என்றும் அதற்குப் பெயர். சினாக்தென் என்பது பரவலாக அறிந்த வணிகப் பெயர். 1965இல் இலண்டன் மருத்துவர்கள் இதைக் கொண்டு விரைவுச் சோதனை ஒன்றை வகுத்தார்கள். இன்றும் உலகெங்கும் அம்முறையின் வழியிலேயே சோதிக்கிறார்கள். முதலில் ஓர் இரத்த மாதிரி. பிறகு 250 மைக்ரோகிராம் மருந்து நரம்பிலோ தசையிலோ. முப்பதாம் நிமிடத்திலும் அறுபதாம் நிமிடத்திலும் மீண்டும் இரத்தம். கார்ட்டிசால் 18 அல்லது 20 மைக்ரோகிராமைத் தாண்டினால் சுரப்பி நலம் என்பது பழைய கணக்கு. புதிய கருவிகளில் 14, 15 என்பதே போதுமான எல்லையாகக் கொள்ளப்படுகிறது. எனவே எண்ணை மட்டும் பார்த்து நாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பொதுவாக இச்சோதனைக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலவீனமான நோயாளியைப் பட்டினி போட்டு பஸ்ஸில் அழைத்துச் செல்கிறார்கள்.

இதற்கு முன் பெரிதும் நம்பப்பட்டது இன்சுலின் சோதனை. இன்சுலினைப் போட்டுச் சர்க்கரையை வேண்டுமென்றே இறக்கி, உடல் கார்ட்டிசாலைச் சுரந்து தற்காத்துக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். வலிப்புள்ளவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அது ஆபத்தானது. மருத்துவர் அருகிலேயே இருக்க வேண்டும். அதனோடு ஒப்பிட்டால் இந்த ஊசி மிகவும் சாதுவானது.

ஹலாலா, ஹராமா?

எங்கள் மதரஸாவில் ஓதும் பிள்ளை ஒருவனின் தந்தை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். காசநோய்க்கு மருந்து உண்டு தேறிய பின்னரும் அவருடைய அசதி தீரவில்லை. மருத்துவர் ஏசிடிஹெச் ஊசிச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அவர் போகாமல் இரண்டு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, ஓர் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், அந்த ஊசி பன்றியிலிருந்து எடுத்ததாம். ஆய்வகத்தில் இருந்த தம்பி சொன்னார். உடம்புக்குள் ஏற்றிக்கொண்டு நான் எப்படித் தொழுவது?" என்று கேட்டார். கேள்வியில் குற்றமில்லை, இரண்டு வாரம் கேட்காமலே இருந்ததுதான் எனக்கு வருத்தம்.

அந்த ஆய்வகத்துத் தம்பி சொன்னது பாதி உண்மை. செயற்கையாகச் செய்யப்படும் டெட்ராகோசாக்டைடின் மருந்துப் பொருள் விலங்கிலிருந்து எடுக்கப்படுவதன்று. ஆனால் அது நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். ஆகவே நம் மருத்துவர்கள் ஆக்டான் ப்ரோலாங்கேட்டம் என்னும் மற்றொரு ஏசிடிஹெச் ஊசியைத் தசையில் போட்டுச் சோதிக்கும் முறையை ஆராய்ந்து, 2013 முதல் மருத்துவ ஏடுகளில் எழுதிவருகிறார்கள். செலவு குறைவு, முடிவும் நம்பத்தக்கது என்பது அவர்கள் கண்டது. அம்மருந்து பன்றி வகை ஏசிடிஹெச் என்றே அந்த ஏடுகளில் குறிக்கப்படுகிறது.

இதில் மார்க்கத்தின் வழி தெளிவானது. அல்பகரா அத்தியாயத்தின் 173ஆம் வசனம் பன்றி இறைச்சியை விலக்கும் இடத்திலேயே, வேறு வழியின்றி நிர்ப்பந்திக்கப்பட்டவருக்குப் பாவமில்லை என்ற சலுகையையும் வைத்திருக்கிறது. ஆகுமான மாற்று இருக்கிறதா, நோய் உயிரைத் தொடுவதா, நம்பத்தக்க மருத்துவர் இதைத்தான் போட வேண்டும் என்கிறாரா என்ற மூன்று கேள்விகளையும் ஃபிக்ஹு நூல்கள் முன்வைக்கின்றன. நான் அவரிடம் சொன்னது இதுதான்: "முதலில் காலைக் கார்ட்டிசாலிலேயே முடிவு தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் செயற்கை மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். பெங்களூரிலோ வேலூரிலோ கிடைத்தால் அங்கே போங்கள். எங்கும் கிடைக்காமல், தாமதித்தால் ஆபத்து என்று மருத்துவர் சொன்னால் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு, வுழூச் செய்து தொழுங்கள்." அவருக்குக் காலைக் கார்ட்டிசாலே மிகக் கீழே இருந்ததால் ஊசியே வேண்டியிராமல் போயிற்று. அல்ஹம்துலில்லாஹ்.

இன்சுலின் ஊசியும் ஒருகாலத்தில் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கப்பட்டதே. இன்று பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யப்படுகிறது. கேட்பவர்கள் இருந்தால் மருந்துகளின் பூர்வீகத்தை மருத்துவர்களும் சொல்லப் பழகுவார்கள்.

கவனிக்க வேண்டியவை

இந்த ஊசி பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் தராது. மிகச் சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டு மூச்சுத் திணறலும் மயக்கமும் வரலாம். இளைப்பு நோயும் ஒவ்வாமையும் உடையவர்களுக்கு இந்த வாய்ப்புக் கூடுதல். எனவே இதை வீட்டிலோ, தனியே நடக்கும் சிறு ஆய்வகத்திலோ போட்டுக்கொள்ளக் கூடாது. அட்ரினலின் ஊசியும் ஆக்ஸிஜனும் மருத்துவரும் இருக்கும் இடத்தில் போட வேண்டும். போட்டபின் ஒரு மணி நேரமாவது அங்கேயே இருக்க வேண்டும். எப்படியும் அறுபதாம் நிமிட இரத்தத்திற்காக இருக்கத்தானே வேண்டும்?

செயற்கை மருந்திலேயே 'டிப்போ' என்று பெயரில் சேர்ந்துவரும் நீடித்த வகை ஒன்றுண்டு. அது 1 மில்லிகிராம். தசையில் மட்டுமே போட வேண்டியது. அதை நரம்பில் ஏற்றிவிடக் கூடாது. கடையில் வாங்கித் தரச் சொன்னால் சீட்டில் உள்ள பெயரை முழுமையாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஆக்டான் மருந்து மில்லி ஒன்றுக்கு 60 யூனிட் கொண்டது. சோதனைக்கு ஒரு மில்லியில் பாதியளவு போதும். 40 யூனிட் கோடிட்ட இன்சுலின் சிரிஞ்சில் 'முப்பது' என்ற கோடுவரை எடுத்தால் முக்கால் மில்லி வந்துவிடும். இன்சுலினின் யூனிட் வேறு, இதன் யூனிட் வேறு. ஒரு குப்பி பலருக்குப் பயன்படுவதால் ஒவ்வொருவருக்கும் புதிய ஊசியும் புதிய சிரிஞ்சும் எடுக்கிறார்களா என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று.

இம்மருந்துகளைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பெங்களூரில் வாங்கி, அத்திப்பள்ளி நெரிசலில் இரண்டு மணி நேரம் கார் முகப்பில் வெயிலில் வைத்துக் கொண்டுவந்த மருந்தைப் போட்டுச் சுரப்பி விடை தரவில்லை என்றால், குற்றம் சுரப்பியுடையதா, மருந்துடையதா என்று எவரும் சொல்ல முடியாது. பனிக்கட்டியோடு நேராகத் தொடவும் கூடாது, உறைந்துவிடும். மருத்துவமனையிலேயே மருந்தும் இருக்கும் இடத்தைத் தேர்ந்துகொள்வது நலம்.

உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோனும் பிரெட்னிசலோனும் ஆய்வகக் கருவியைக் குழப்பிக் கார்ட்டிசால் கூடுதலாகக் காட்டும். கருத்தடை மாத்திரையும் அவ்வாறே கணக்கைப் பெருக்கிக் காட்டும். சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உறிஞ்சும் ஸ்டீராய்டையும் தோல் களிம்பையும் மறைக்க வேண்டாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கார்ட்டிசாலை உடல் விரைந்து செலவழிக்கும்படி செய்கிறது. அரைகுறையாக உள்ள அட்ரீனல் அம்மாத்திரை தொடங்கிய சில நாட்களில் முழுவதும் தள்ளாடிப்போவதுண்டு. ஏற்கெனவே ஹைட்ரோகார்ட்டிசோன் உண்பவருக்கு அப்போது அளவைக் கூட்டித் தர வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இவை எல்லாவற்றிலும் முதன்மையானது. நோயாளி வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, நினைவு தடுமாறிக் கிடக்கும்போது சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது. இயன்றால் ஒரு குப்பி இரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு, உடனே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனையும் உப்புநீரையும் ஏற்ற வேண்டும். ஊசிச் சோதனை பிறகு நடக்கும். 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. உயிர் ஊசலாடும் நோயாளியை "பெங்களூருக்கே போய்விடலாம்" என்று நெடுஞ்சாலையில் சுமந்து செல்வது அறிவுடைமையன்று. அருகில் உள்ள மருத்துவமனையில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு பிறகு செல்லலாம்.

நோன்பாளிகளின் ஐயம் ஒன்று. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஊட்டமாக ஏற்றப்படும் திரவங்கள் நீங்கலாக, தோலிலும் தசையிலும் நரம்பிலும் போடப்படும் மருந்தூசிகளும் சோதனைக்காக இரத்தம் எடுப்பதும் நோன்பை முறிக்கா என்று முடிவு செய்தது. ஆனால் இச்சோதனைக்கு வருபவர் பெரும்பாலும் நிற்கவே முடியாதவர். அவசரமில்லையென்றால் ரமளானுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளலாம். நோய் உறுதியாகி மாத்திரை உண்பவர்கள் தாமாகவே முடிவெடுத்து நோன்பு வைக்கக் கூடாது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளை உண்ண வேண்டிய ஹைட்ரோகார்ட்டிசோனை விட்டுவிட்டால் பகல் நடுவே சர்க்கரையும் அழுத்தமும் இறங்கிவிடும். உடல்நிலை சீராக உள்ள சிலருக்கு ஸஹரில் உண்ணும் நீடித்த மாத்திரையாக மாற்றித் தருவார்கள். சிலருக்கு நோன்பே வேண்டாம் என்பார்கள். நோயாளிக்குரிய சலுகையும் அல்லாஹ் தந்ததே.

இந்நோய் முறையாக மருந்துண்டால் ஒருவரை முடக்கிப்போடுவதன்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஜான் கென்னடி அடிசன் நோயோடுதான் அப்பதவியில் அமர்ந்திருந்தார். காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொல்லித் தந்தபடி மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும்; வாந்தியால் மாத்திரை தங்கவில்லையென்றால் உடனே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் செல்பவர்கள் மாத்திரையைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். சட்டைப்பையில் ஓர் அட்டையும் இருக்க வேண்டும்: நோயின் பெயர், உண்ணும் மருந்து, ஆபத்தில் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் போட வேண்டும் என்ற குறிப்பு. நம் எல்லைப் பகுதியில் விபத்து நடந்தால் ஆம்புலன்ஸ் ஓசூருக்கும் வரலாம், கர்நாடகப் பக்கத்து மருத்துவமனைக்கும் போகலாம். ஆகவே அட்டையைத் தமிழில் மட்டும் எழுதாமல் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிவையுங்கள். நான் முன்பு சொன்ன தந்தைக்கு அவருடைய மகனே மூன்று மொழியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறான்; கன்னட வரியை மட்டும் பக்கத்து அறைத் தொழிலாளி ஒருவர் திருத்தித் தந்தாராம்.